பி பக்கம்

பள்ளிக்கூடத்துக்கு அடியில்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறை.
கதவு மட்டுமே ஒரு யானைக் கனம்.
குண்டு விழவில்லை.
நகராட்சி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது.
பூர்க்டோர்ஃபில் ராத்திரி பத்துக்கு மேல்
டிரம்ஸ் அடிக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம்.

வாசிப்பவர்கள் ஐந்து பேர். ஒலிப்பதிவு நான்.
என்ன இசை என்று கேட்ட அத்தானுக்கு
ஹார்ட் பாப் என்று எழுதி அனுப்பினேன்.
பாப்பா, நல்ல காசு வருமே என்றார்.
தமிழில் எழுதினால் இரண்டு பாப்பும் ஒன்றுதான்.
காசில்தான் வித்தியாசம்.

டிரம்பெட் கொரினா.
ஊதுமுன் உதட்டைச் சுழித்துச் சுழித்து
யாருக்கோ வக்கணை காட்டுவதுபோல் தயாராவாள்.
டெனர் சாக்சபோன், நொஷாடெல்காரன் தியெரி.
பியானோ பள்ளிக்கூடத்தினுடையது,
மேலே ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது;
லெவின் அதைத் தொடாமலே
இரண்டு ராத்திரி வாசித்தான்,
பள்ளம் தெரிந்த தெருவில் சைக்கிள் விடுகிறவன் மாதிரி.
டிரம்ஸ் ஃப்ளாமூர்.
டபுள் பேஸ் எர்வின் ட்சும்ஷ்டைன்,
பகலில் மலையூர்களுக்குப் பஸ் ஓட்டுகிறான்.

ஆறாவது உருப்படிக்குப் பெயர் வைக்கவில்லை.
'ஆறாவது' என்றே அட்டையில் அச்சாகிவிட்டது.
முதல் டேக் சுத்தம். அதனாலேயே யாருக்கும் பிடிக்கவில்லை.
இரண்டாவதில் ஃப்ளாமூரின் குச்சி பறந்து
என் காபியில் விழுந்தது.
மூன்றாவது,
யாரும் ஒன்று இரண்டு சொல்லாமல்
ஒன்றே முக்காலுக்குத் தானாகப் புறப்பட்டது.

டிரம்பெட்டும் டெனரும் ஒரே மெட்டை
ஒரே சட்டைக்குள் இரண்டு பேர் நுழைந்ததுபோல்
இழுபறியாக, ஆனால் கிழியாமல்.
பிறகு தியெரி தனியே போக,
கதவு மூடுமுன் கூட்ட ரயிலில்
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறவனாய்
ஃப்ளாமூர் உருட்டித் தள்ள,
தியெரி நினைத்ததைவிட இரண்டு சுற்று அதிகம் ஊதினான்.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
நான் முள்ளைப் பார்க்க மறந்தேன்.

அப்புறம் எல்லாரும் ஒதுங்க
எர்வின்.
ஹை-ஹாட் மட்டும், இரண்டிலும் நாலிலும்.
தனி தொடங்கினால் எழுந்து
கான்டீனுக்குப் போகிற கூட்டத்தில் வளர்ந்தவன் நான்.
அன்றைக்குக் கதிரையை விட்டு அசையவில்லை.
பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அவன்.
வளைவுக்கு முன் வேகம் தணித்தான்.
வளைந்தபின் கூட்டினான்.

லைப்சிக்கிலிருந்து, தட்டு வெட்டும் அம்மாளின் மடல்:
பி பக்கம் இருபத்திரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.
இருபத்திரண்டைத் தாண்டினால் வரிகள் நெருங்கும்,
முதலில் மெலிவது பேஸ்தான்,
ஐம்பத்திரண்டு விநாடியை எங்காவது கழியுங்கள்.

கொரினா, என்னுடையதில் எடு என்றாள்,
எடுக்கக்கூடாது என்கிற குரலில்.
தியெரி தன் இரண்டு சுற்றைப் பற்றி
மூன்று பக்கம் எழுதினான்.
லெவின் பதிலே போடவில்லை.
எர்வின் கடைசி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டான்,
எஞ்சின் அணைக்காமல்:
என் தனி ஐம்பத்திரண்டு. எண்ணிவிட்டேன். அதை எடு.

அதாவது,
பேஸ் நன்றாகக் கேட்பதற்காக
பேஸை வெட்டவேண்டும்.

வெட்டினேன்.
பியானோ ஓய்கிற இடமும் டிரம்பெட் திரும்புகிற இடமும்
தழும்பில்லாமல் ஒட்டிக்கொண்டன.
அது எனக்கு ஏனோ கோபமாக இருந்தது.
திரும்பப் பிரித்து,
தனி முடிந்ததும் எர்வின் மூக்கால் இழுத்த
ஒரு மூச்சை மட்டும் உள்ளே விட்டேன்.
ஒரு விநாடிகூட வராது.
லைப்சிக் அம்மாள் கண்டுபிடிக்கவில்லை,
அல்லது கண்டும் விட்டுவிட்டாள்.

தட்டு வந்தது. கொரினாவின் சமையலறை,
சீஸ், ரொட்டி, ஆறு பேருக்கு நாலு கதிரை.
அந்த இடம் வந்தது.
கொரினா, உன் மூச்சு கேட்கிறது என்றான் ஃப்ளாமூர்.
ஐயோ ஆமாம் என்றாள் அவள்,
அடுத்த தட்டில் கவனமாக இருக்கவேண்டும்.

எர்வின் ரொட்டியின் மூலைவரைக்கும்
வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.