குறில்

பதினேழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக்
கதை திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
'குடும்பங்களும் படிக்கிறார்கள்.'

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
ட்ரெய்லர் வரிசை நகராத ராத்திரி,
கன்டெய்னர் கதவில் விரல் நசுங்கிய ஏசுபாதம்
என்ன சொல்லியிருக்க வேண்டும்?
'ஐயகோ' என்றா?

நான் எடைமேடையில் பில் போடுகிறவன்.
அன்றைக்கு அங்கே இருந்தவன்.
அவன் சொன்னது ஒரே சொல்.
கதவைப் பார்த்துச் சொன்னான்.
அப்புறம் விரலைப் பார்த்து.
அப்புறம், குரல் இறங்கி,
தண்ணீர் கொண்டுபோன என்னைப் பார்த்து.
மூன்றாவது தடவை
அதற்கு நன்றி என்று அர்த்தம்.

முதலில் மூன்று புள்ளி வைத்துப் பார்த்தேன்.
ரோட்டில் ரத்தத்தின் மேல்
மணல் தூவிய மாதிரி இருந்தது.
அடுத்து, 'கெட்ட வார்த்தையில் திட்டினான்' என்று எழுதினேன்.
அந்த வரியில் ஏசுபாதம் செத்துப்போனான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
டைப் அடிக்கிற ஆக்னஸ்
தாள்களை வாங்கிப் படித்தாள்.
முகம் சுளிக்கவில்லை.
"இன்னா சார், இத்த நெடில்ல எழுதிக்கீற?
கோவத்துல தான் இழுப்பான்.
வலியில வெட்டிடுவான்.
குறில் போடு."

இன்னும் நாலு தாள் புரட்டி:
"பன்னெண்டாம் பக்கத்துல மட்டும் வேணாம் சார்.
அங்க அவன் பேசல.
நீ பேசற."

உண்மைதான்.
நானும் இந்த ஏரியாக்காரன் என்று காட்ட
அந்தச் சொல்லைச்
சட்டைப்பையில் அடையாள அட்டை போலச்
செருகி வைத்திருந்தேன்.
அடித்துவிட்டேன்.
அங்கே மட்டுமில்லை, ஆறு இடத்தில்.

பத்தொன்பதாம் பக்கத்தில் வட்டமே இல்லை.
அங்கே கம்பெனி அதிகாரி
ஆஸ்பத்திரிச் செலவுத் தாளை
ஒற்றை விரலால் தள்ளி வைத்துச் சொல்கிறார்:
"இவங்கள்லாம் அப்படித்தாங்க.
குடிச்சிருப்பான்."
அடக்கமான குரல், மரியாதையான வாக்கியம்.
எழுத்துப்பிழைகூடக் கிடையாது.
குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கலாம்.

ஆக்னஸிடம் சிவப்புப் பேனா கடன் வாங்கி
அதைச் சுற்றி நானே ஒரு வட்டம் போட்டேன்.
அடிக்கவில்லை.
வட்டம் மட்டும்.

பதினெட்டு வட்டம்.
பதினோரு சொல் அப்படியே.
டைப் அடித்து முடிந்ததும்
மறுபடி அனுப்பச் சொன்னேன்.
அவள் பட்டனைத் தொடும்போது
கரண்ட் போனது.

இருட்டில் ஆக்னஸ் அந்தச் சொல்லைச் சொன்னாள்,
குறிலில்.