நிகர எடை

முதல் கப்பல் வந்த இரவு
வாளையாறில் நாலு கிலோமீட்டருக்கு லாரி நின்றது.
அதனால் யாரும் மேலே பார்க்கவில்லை.
வைக்கோல், கறிக்கோழி, ஓணத்துப் பூசணி,
எல்லாம் வரிசையில்.
கணவாய்க் காற்று சட்டென்று அறுந்தபோதுதான்
கோழிகள் அடங்கின.
டிரைவர்கள் கண்ணாடியை இறக்கிக் கழுத்தை நீட்டினார்கள்.

மலைக்கும் மலைக்கும் நடுவே இரும்பில் ஒரு மூடி.
நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில்
ரிவெட்டு.

நான் எடைமேடைக்காரி.
பாடி கட்டிய வண்டியைப் பார்த்ததுமே
எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்லிவிடுவேன்.
இது ஒரு பட்டறை வேலை இல்லை.
ஒரு பக்கம் மீன்செதில், ஒரு பக்கம் தேன்கூடு,
ஓரிடத்தில், எந்த உலகத்துப் பிள்ளைக்காகவோ
தாழ்வாக வைத்த ஒரு கைப்பிடி.
பிடித்த கப்பலையெல்லாம் அறுத்து ஒட்டிக்கொண்டே
இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.
பின்னாலேயே இன்னும் இரண்டு.

பேசியது.
தமிழில், மலையாளத்தில்,
கடைசியில் நின்ற லூதியானா வண்டிக்குப் பஞ்சாபியில்.
இந்த எல்லையில் ஒருத்தரும் பேசாத
தப்பே இல்லாத தமிழ்.
நாம் வந்திருக்கிறோம், என்றது.
நாம் இனிக் களைப்படைய மாட்டோம்.
கவனித்தீர்களா, ‘நாங்கள்’ என்று சொல்லவில்லை.
கேட்காமலே எங்களையும் அந்தச் சொல்லுக்குள் ஏற்றி
கதவைச் சாத்திவிட்டது.

அனிபா ராவுத்தருக்கு இடது முழங்காலுக்குக் கீழே
பேட்டரிக் கால்.
கோவையில் தவணைக்கு வாங்கியது, ஏழு தவணை பாக்கி.
அந்தக் கால்தான் முதலில் கீழ்ப்படிந்தது.
தேங்காய் லோடை விட்டு இறங்கி
மிச்ச ஆளை இழுத்துக்கொண்டு நடந்தது.
மிச்ச ஆள் திரும்பித் திரும்பி
“ஸ்டெல்லா, சாவி வண்டியிலேயே இருக்கு கேட்டியா” என்றார்.
அடுத்தது காதுக் கருவி வைத்த கிளீனர் பையன்.
அப்புறம் பேஸ்மேக்கர் வைத்த பங்க் குரியச்சன்.
உடம்பில் எந்திரம் இல்லாதவர்கள் ஓடினோம்.
எதற்கு ஓடினோமோ,
எல்லார் கையிலும் போன் இருந்தது.

விடியும்போது இறங்கி வந்தார்கள், நாற்பத்து மூன்று பேர்.
ஒரே எட்டு. ஒரே மூச்சு.
கப்பல்கள் கோவைப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தன.
ராவுத்தர் நேரே என் மேடைமேல் ஏறி நின்றார்,
பழக்கமோ உத்தரவோ.
நானும் பழக்கத்தில் பொத்தானை அழுத்தினேன்.
எழுபது.
போன நோன்புப் பெருநாளைக்கு விளையாட்டாக ஏறியபோதும்
எழுபதுதான்.

லாரிக்கான மேடை இது.
பத்துக் கிலோவுக்குக் கீழே இதற்குக் கண் கிடையாது.
அவரிடமிருந்து எதை எடுத்தார்களோ
அது பத்துக் கிலோகூட இல்லை.

“ராவுத்தரே, சாவி என்கிட்ட இருக்கு.”
“நாம் வண்டி ஓட்டுவதில்லை.”
ஞான் என்றும் நானு என்றும்
ஒரே மூச்சில் மாற்றிப் பேசின வாய்.

அந்நேரம்
ஹேண்ட் பிரேக் போடாத தேங்காய் லாரி
சரிவில் உருள ஆரம்பித்தது.
அவர் முகம் அசையவில்லை. பச்சை விளக்கு இமைக்கவில்லை.
வலது கால், கடனில்லாத கால்,
அங்கே இல்லாத பிரேக்கை
ஓங்கி மிதித்தது.

லாரி நிற்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் தூணில் இடித்து
ரோடெல்லாம் தேங்காய்.
மேலே
மூன்று கப்பலும் ஒரு குலுக்குக் குலுங்கி
நின்றன.

நாற்பத்து மூன்று பேரும் குனிந்து
அவரவர் வலது காலைப் பார்த்தார்கள்.

நான் சீட்டு எழுதினேன். கையால்தான்.
மொத்த எடை எழுபது.
நிகர எடைக்கான கட்டத்தைக் காலியாக விட்டு
கிழித்து
அவர் சட்டைப் பையில் வைத்தேன்.