இருபத்தொன்பதாவது சொட்டு

பாணத்தூர் ரயில்வே பாலத்தடியில்
அரைமணி நேரம் சிக்கிக்கொண்டதில்
பள்ளிக்கு வண்டி வந்து சேர்ந்தபோது
தொட்டி காய்ந்து கிடந்தது.
ஆறாயிரம் லிட்டர், சனிக்கிழமை லோடு.
குழாயை மாட்டப் போனேன்.
"அப்பா, இருங்க" என்றாள் மோனிஷா.
அவள் பின்னால் ஏழாம் வகுப்பு முழுக்க,
கை கையாய்க் கண்ணாடிக் குப்பிகள்.

அப்பா என்றதும்
சைத்ரா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.
இதுவரை சொல்லவில்லை போல.

காலையில் ஏரிக்குப் போனார்களாம்.
கறுப்பு வெள்ளைத் தட்டொன்றைக்
கயிற்றில் இறக்கிப் பார்த்தார்களாம்,
ஒரு சாண் ஆழத்தில் காணாமல் போனதாம்.
நவாஸின் ஒற்றைச் செருப்பு
நுரையோடு போய்விட்டதாம்.
இப்போது என் வண்டி.

வால்வைத் திறந்தேன்.
முதலில் வருவது துரு,
அதைக் கீழே விடச் சொன்னாள்.
"அதே தண்ணியில மூணு தடவை கழுவணும்."
கழுவினாள், சொன்னபடியே மூன்று தடவை.
வீட்டில் ஒரு தம்ளரைத் தொட்டவளில்லை.

ஒரு சிட்டிகைப் பொடி போட்டதும்
பீட்ரூட் அலசிய நிறத்துக்கு வந்தது
நான் ஐந்து வருடமாய் ஓட்டும் தண்ணீர்.
"நீலமாகிற வரைக்கும் சொட்டு விடணும்.
சொட்டுக்கு இருபத்தஞ்சு."
என்ன இருபத்தஞ்சு?
"கெண்டி அடியில அம்மா சுரண்டுறாங்களே, அது."

ஒந்து, எரடு, மூரு என்று சைத்ரா தொடங்க
சார், பாஞ்ச் என்று நவாஸ் குறுக்கே விழ
பத்துக்கு மேல் எந்த மொழி என்று தெரியவில்லை.
அட்டையில் இருபத்துநாலில் சிவப்புக் கோடு.
அதற்கு மேல் குடிக்க ஆகாதாம்.
இருபத்துநாலு. பீட்ரூட்தான்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.
இருபத்தெட்டில் கத்தரிப்பூ.
இன்னொரு சொட்டு,
குப்பிக்குள் சட்டென்று
மழை விட்ட பின் வருமே, அந்த நீலம்.
கூச்சல் போட்டார்கள்.
கெட்ட தண்ணீருக்கு இவ்வளவு சந்தோஷமா?

பிறகு படிவம்.
"எங்க எடுத்ததுன்னு எழுதணும்பா.
காவேரியா, ஏரியா, போர்வெல்லா?"

ஹரளூர் அபார்ட்மெண்ட் கேட்டில்
தினமும் இதே கேள்விக்கு
யோசிக்காமல் பதில் சொல்கிறவன்
மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.
அவள் பென்சில் காத்திருந்தது.
"போர்வெல்" என்றேன்.
"ஆழம்?"
முனிரெட்டி தோட்டத்தில்
இரண்டு நாள் வெறும் கல்மாவு பறந்தது,
மூன்றாம் நாள்தான் ஈரம் தட்டியது.
"ஆயிரத்து இருநூத்து நாப்பது அடி."
பின்வரிசைப் பையன் ஒருவன்
விரல் விட்டுக் கணக்குப் போட்டு
நூற்றிருபது மாடி என்றான்,
தலைகீழாய்.
அண்ணாந்து பார்த்தார்கள் சிலர்,
பார்க்க வேண்டிய திசை அதுவல்ல என்று
உடனே தெரிந்து, தரையை.

கடைசிக் கட்டத்தில் தந்தவர் பெயர்.
கேட்காமலே எழுதினாள்.
வேடியப்பன் கன்னடத்தில்
இத்தனை வளைவு என்று அன்றுதான் கண்டேன்.

டீச்சர் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை.
கக்கூசுக்கும் செடிக்கும் வேண்டுமே.
முழுக்க இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் அடுத்த லோடு, ஹரளூர்.
வாட்ச்மேன் நோட்டைப் பிரித்தார்.
"காவேரிதானே?"
வழக்கமான வார்த்தைக்கு வாய் திறந்தேன்.
"இருபத்தொன்பது" என்று வந்தது.
வண்டி நம்பர் என்று நினைத்தாரோ என்னவோ,
எழுதிக்கொண்டு
கேட்டைத் திறந்துவிட்டார்.