படத்தில் விழாதது

உவரியில் மிக்கேல் ராயன் சைக்கிளை
வெளியே உருட்டி வந்தபோது
பெயிண்டே இல்லை அதற்கு.
மழை விட்ட வானத்தின் நிறம்.
‘டைட்டானியம். கப்பல்ல இருக்கையில சிங்கப்பூர்ல வாங்குனது.
முட்டி தேஞ்சுபோச்சு. இல்லன்னா குடுப்பனா?’
குழாய்கள் கூடும் இடத்தில் பற்றவைப்பு,
ஈர மணலில் நண்டு நடந்த தடம் போல
அவசரமில்லாமல்.
பதினோரு வருஷ உப்புக்காற்று.
செயினும் போல்ட்டும் தேரிக்காட்டு நிறத்துக்கு வந்துவிட்டன.
சட்டத்தில் ஒரு புள்ளி துரு இல்லை.

முற்றத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.
கறுப்பாக மினுங்கியது.
‘இதுலயும் அதான் இருக்கு.
என்ன, வெள்ளப் பெயிண்டு ஆக்கிருவான்.’

என் இடது காறை எலும்பில் இதே உலோகம்,
ஒரு தகடு, ஏழு திருகு.
நாங்குநேரி டோல்கேட் தாண்டி
காற்றாலை இறகு ஏற்றிய லாரி
ஒதுங்கச் சொல்லாமல் ஒதுக்கியது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படம் எடுப்பது என் வேலை.
அன்று எடுத்தவள் பேராச்சி, படுத்தவள் நான்.
கறுப்புப் படத்தில் தகடு மட்டும்
கண் கூசும் வெள்ளை.
டைட்டானியத்துக்கு ஒளியத் தெரியாது.

வெயிலுமுத்துவின் கார்பன்
மகாராஜநகரில் ஏ.சி. அறையில் நிற்கிறது.
இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார்.
முன்னால் நீண்ட கொம்பில் முழங்கை வைத்துக் குனிந்தால்
காற்றுக்கு நம்மைத் தெரியாதாம்.
எந்தக் காற்றுக்கு?
பணகுடிக்குத் தெற்கே ஆனி மாதக் காற்று
எதிரே வராது; பக்கவாட்டில் வந்து விலாவில் இடிக்கும்.
இந்த அகலச் சக்கரத்தை அது
வள்ளத்துப் பாய் என்று நினைத்துக்கொள்ளும்.

‘கீழ விழுந்திருக்கா?’
‘ஒரு தடவகூட இல்ல மேடம்.’
தினம் கேட்கிற பதில்தான்.
விழவே இல்லை என்பவர்களுக்குத்தான்
மயிரிழை விரிசல் இருக்கும்.

பத்து ரூபாய்க் காசை எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தேன்.
டிக். டிக். டிக்.
பெடல் பக்கம் வந்ததும்
டொக்.
அவர் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார்.
‘அங்க உள்ளுக்குள்ள கனம் ஜாஸ்தி.’
இருக்கலாம்.
சுற்றி வந்து மறுபக்கம் தட்டினேன்.
டொக்.
அதே டொக்.
பாதி நம்பிக்கை வந்தது.

மீதிப் பாதியோடு டூட்டிக்குப் போனேன்.
எங்கள் மேசைப் பலகை கார்பன்.
ஊர்ப்பட்ட முதுகுகள் படுத்து எழுந்த பலகை,
ஒரு படத்திலும் விழுந்ததில்லை.
எலும்பைக் காட்டிவிட்டுத் தான் இல்லாமல் போய்விடும்.
இதற்குள் ஒரு விரிசல் இருந்தால்
நானே எப்படிக் கண்டுபிடிப்பேன்?

‘ஏட்டி முப்பிடாதி,’ என்றாள் பேராச்சி,
‘அத்துப்போனா ரோட்டுலதான் கிடப்ப.
கம்பி வளையும், கார்பன் சொல்லாமப் போகும்.’
பிறகு அவளே,
‘தோள்ல உள்ளது பத்தாதா, சைக்கிளும் அதுலயா?’

இவ்வளவு நேரம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.
உவரியில் நான் அந்த சீட்டில் ஏறியபோது
கட்டைவிரல் நுனிக்கும் பெடல் எட்டவில்லை.
சீட்டை அடிமட்டம் இறக்கியும் இரண்டு விரற்கடை பாக்கி.
ராயன் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.
நண்டுத் தடத்தைத் தடவிக்கொண்டே
இன்னும் பத்து நிமிஷம் பேசினோம்.

போன் செய்து வேண்டாம் என்றேன்.
‘உசரந்தான?’
கடல் இரைந்தது, அவர் பக்கம்.
‘ஆமா.’
‘பரவால்ல. நிக்கட்டும். அதுக்கு ஒண்ணும் ஆவாது.’

ஞாயிற்றுக்கிழமை.
குறுக்குத்துறையில் நீந்திய ஈரம் தலையில் இருக்க
நாலுவழிச் சாலையில் கொம்பைப் பிடித்துக் குனிகிறேன்.
மூன்றடைப்பு வரை காற்றுக்கு என்னைத் தெரியவில்லை.
அதற்கப்புறம் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும்
வியர்வை துடைக்குமுன்
பையிலிருந்து காசை எடுக்கிறேன்.
இந்தப் பக்கம் டொக்.
சுற்றி வருகிறேன்.