சான்று முப்பத்தொன்று

எழுத்தர் வாசிக்கிறார். சின்ன வயசுக்காரர்,
டை முடிச்சு இடப்பக்கம் சரிந்திருக்கிறது.
"இரவு பதினொன்று நாற்பத்தேழு.
அனுப்பியவர் தார்வோ. பெற்றவர் மாரிகா.
'எடுத்துக்குவோம், யார் கணக்குப் பார்க்கப் போறா.'
அதன்பின்..."
நிறுத்துகிறார். தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார்.
"அதன்பின் ஒரு மஞ்சள் முகம்.
ஒரு கண் மூடியிருக்கிறது."

தாலின் நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு மட்டும் தொண்டைவரை வந்து நின்றது.
மேசைக்கடியில் வக்கீல் என் காலை மிதித்தார்.

நாங்கள் எடுத்தது இவ்வளவுதான்:
ஆறு நாற்பது. ஏழு பதினைந்து. எட்டு ஐந்து.
விர்ட்சு துறையிலிருந்து தீவுக்குப் படகு கிளம்பும் நேரங்கள்,
எந்தப் படகில் இன்னும் எத்தனை காருக்கு இடம் என்பது.
நான் எழுதிய நிரல்
நிமிடத்துக்கொரு முறை அவர்கள் தளத்தை
எட்டிப் பார்த்துவிட்டு வரும்,
அடுப்பில் பால் வைத்தவளைப் போல.

மூடுபனி நாளில் பதினோராயிரம் பேர்
எங்கள் செயலியைத் திறந்தார்கள்.
ஒரு கால்நடை மருத்துவர் கடிதமே எழுதினார்:
கடைசிப் படகைப் பிடித்துவிட்டேன், பசு பிழைத்தது.
நெகிழ்ந்துபோய் வக்கீலிடம் காட்டினேன்.
"பசுவுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை" என்றார்.

நேரம் எவருக்கும் சொந்தமில்லை, இது எங்கள் தரப்பு.
ஒத்துக்கொள்கிறோம், இது எதிர்த்தரப்பு.
ஆனால் அவற்றைத் திரட்டி, சரிபார்த்து, அடுக்கி வைக்க
என் கட்சிக்காரர் கொட்டிய பணம் அவருடையது.
மீன் கடலுடையது, கூடை அவர்களுடையது.
நாங்கள் அள்ளியது மீனையா, கூடையோடா
என்று நாலு மணி நேரம்.

"பயன்பாட்டு விதிமுறைகள், பத்தி பதினான்கு.
'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்களா?"
அழுத்தினேன்.
"படிக்காமலா?"
இந்த அறையில் படித்தவர் யாராவது...
மறுபடி கால்.

நோட்டீஸ் வந்த அன்றே சொல்லிவிட்டார்கள்,
ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாது.
ஆக எல்லாம் இருக்கிறது.
இரண்டு காளான் சூப், ஒன்றில் உப்பு குறைவாக.
சம்பளம் போட முடியாத மாதத்தின் கெட்ட வார்த்தைகள்.
அப்பா இறந்த இரவு தார்வோ அனுப்பிய 'வரவா?'
சான்று இருநூற்றுப் பன்னிரண்டு.
நான் அனுப்பிய 'வேண்டாம்'
இருநூற்றுப் பதின்மூன்று.
இடையில் இருந்த நாற்பது நிமிடத்துக்கு
எண் எதுவும் தரப்படவில்லை.

நீதிபதி ஹெல்வே ராவுத்சிக் கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்த மூடிய கண்ணுக்கு என்ன பொருள்?"
விளையாட்டு, என்றேன்.
"தவறென்று தெரிந்தே விளையாட்டா,
தவறே இல்லை என்பதால் விளையாட்டா?"

மூன்று நாற்காலி தள்ளி தார்வோ.
இப்போது அவனுக்குத் தனி வக்கீல்.
மார்ச்சிலிருந்து பேசிக்கொள்வதில்லை,
இரு தரப்பு ஆலோசனையும் அப்படி.
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்குத் தெரியாது, என்றேன்.
எழுத்தர் அதைப் பதிந்துகொண்டார்.
நான் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மை,
அதுதான் எங்களுக்குப் பாதகம் என்றார் வக்கீல்.

இரவு, விர்ட்சு துறை. பழக்கதோஷம், செயலியைத் திறந்தேன்.
வெள்ளைத் திரை. நடுவில் சின்ன எழுத்தில்
இடைக்காலத் தடை, அதன் எண், தேதி.
நானே தட்டச்சிட்ட வாக்கியம்தான்.
இறங்கிப்போய்க் கூண்டுக்காரரைக் கேட்டேன்.
"எட்டு ஐந்தா? இப்பத்தானே போச்சு.
அதுக்கு ஏதோ செயலி இருக்காமே, பார்க்கிறதுதானே?"

திரும்பி வந்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது.
எனக்குப் பின்னால் இரண்டாவது கார் அவனுடையது,
அவனும் அதே படகைத் தவறவிட்டிருக்கிறான்.
ஒரு விளக்குதான் எரிகிறது.
மற்றது போன குளிர்காலத்திலிருந்தே பழுது.
மாற்றித் தொலை என்று நான் அனுப்பிய செய்தி
சான்று தொண்ணூற்று நான்கு.