இடது கால் ஷூ

கசானேயில் எங்களுக்குக் கொடுத்த வீட்டுக்கும்
சோபே ஆற்றுக்கும் நடுவே
நானூறு அடி, ஒரு துணிக்கொடி, வேலி கிடையாது.
போட்டால் அதையும் சேர்த்து மிதிக்கும் என்று
சிரித்தார் பக்கத்து வீட்டு ம்மா காவோலாத்தே.

அவர் மகன் ஒங்கபெட்சே என் வகுப்பு.
காட்டுப்பன்றி வந்தால் ஓடாதே.
யானை வந்தால் பேசாதே.
குபு வந்தால் மட்டும்
அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்காதே.
இவ்வளவுதான் என்றான்,
வாய்ப்பாட்டை முடித்தவன் போல.

செப்டம்பர் இருபத்தொன்பது இரவு.
விடிந்தால் சுதந்திர தின அணிவகுப்பு.
வெள்ளை பூசிக் கொடியடியில் காயவைத்த ஷூவை
மறந்துவிட்டிருந்தேன்.
வெறுங்காலோடு போய்க் குனிந்தபோது கேட்டது
பர்ர்க்,
பர்ர்க்,
கரித்துணிக்காக அம்மா
பழைய போர்வையைக் கிழிக்கிற சத்தம்.

இந்நேரத்தில் ஏன் கிழிக்கிறாள் என்று திரும்பினால்
அப்பா தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லின் மேல்
இருட்டில் ஒரு துண்டு மட்டும்
கூடுதல் இருட்டாக இருந்தது.
அதற்குச் சின்னதாய் இரண்டு காது.

தமிழ் அட்டையில் நீர்யானை என்று படித்திருந்தேன்.
நீரும் இல்லை, யானையும் இல்லை.
குபு என்பதே சரி.
உதடு குவிந்து, மூடி, திறந்தால்
முடிந்துவிடுகிறது.

எனக்கும் கதவுக்கும் நடுவில் அது.
அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நான்.
நின்றுவிட்டால் என்ன செய்வதென்று
ஒங்கபெட்சே சொல்லவில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.

பக்கவாட்டில் நகர்ந்தேன், நண்டு மாதிரி,
குழாய்க்கம்பத்தைப் பிடிக்கும் வரை.
மெல்வதை நிறுத்தாமலே வந்தது.
ஊறிப்போன வைக்கோல் வாடை.
குழாய் நடுங்கிச் சொட்டியது.
அவசரமே இல்லாமல் என் ஷூ ஒன்றை
மண்ணுக்குள் வைத்து அழுத்திவிட்டு
ஆற்றுக்குப் போனது.

காலையில் பொய்யோடு தயாராக இருந்தேன்.
அதற்குள் அம்மாவே
'நாய் தூக்கிப் போயிருக்கும்' என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
அப்பா எழுவதற்குள் வாசலைப் பெருக்கியிருந்தாள்,
பெருக்குகிற வழக்கமே இல்லாத கொடியடி வரைக்கும்.
நான்கு விரல் தடம் ஒன்று
துடைப்பத்துக்குத் தப்பியிருந்தது.
அதை அவள் காலால் தேய்த்தாள்.
அப்பாவுக்குத் தெரிந்தால்
எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்.
போக அவளுக்கும் மனமில்லை என்பது
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வலது காலில் வெள்ளை.
இடது காலில் ம்மா காவோலாத்தே தந்த நீலம், ஒரு அளவு பெரிது.
மைதானத்தில் இடது வலது இடது என்று போகையில்
ஒங்கபெட்சே என் காலைப் பார்த்தான்.
'குபு?'
தலையசைத்தேன்.
'எந்தப் பக்கம் நின்றாய்?'
'நடுவில்.'
ஊரே பார்க்க
அவனுக்குக் கால் தப்பியது.