அரைக்கால் கூடுதல்

பிர்னோ நாடக அரங்கின் நிலவறை.
ஒன்பது மணிக்குக் கொதிகலன் அணைந்துவிடும்.
கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவைத்திருக்கிறேன்.
நாளைக் காலை பத்துக்கு ஒத்திகை;
ஐம்பத்தேழு தாளில் மிஞ்சியது ஓபோ மட்டும்.

கூலி வரிக்கு இவ்வளவு என்று.
அதனால் டிராம்போன் எழுதப் பிடிக்காது:
முப்பத்திரண்டு கட்டம் மௌனம் என்றால்
ஒரு தடித்த கோடு, தலையில் ஓர் எண்,
தீர்ந்தது. மௌனத்துக்குக் காசு தேறாது.
வயலின்காரர்கள் நன்றாயிருக்கட்டும்.
அவர்கள் வீசம் வீசமாய் ஓட
என் அடுப்புக்குக் கரி வருகிறது.

மையின் கணக்குத்தான் இன்றும் விளங்கவில்லை.
நீள நிற்பதற்கு மை குறைவு.
முழுச்சுரம் வெறும் முட்டை, உள்ளே ஒன்றுமில்லை,
நான்கு தட்டும் அதற்கே.
காம்பு முளைத்தால் ஆயுள் பாதி.
வயிறு கறுத்தால் கால்.
கொடி ஒன்று பறந்தால் அரைக்கால்,
இரண்டு பறந்தால் வீசம்,
பேனாவை எடுப்பதற்குள் போய்விடும்.

அறுபத்தோராம் கட்டம்.
ஓர் அரை. புள்ளி வைத்த கால்.
பிறகு இரண்டு அரைக்கால்.
மேசையில் பென்சிலால் தட்டி மறுபடி எண்ணினேன்.
நான்கு தட்டு வைத்த மேசைக்கு
ஐந்தாவதாய் ஒரு சின்னப்பிள்ளை வந்து நிற்கிறது.

குற்றவாளி அந்தப் புள்ளி.
ஒட்டி நிற்கும் சுரத்தில் பாதியை
மேலும் கேட்பது அதன் குணம்.
எடுத்துவிட்டால் கணக்கு நேராகும்.
ஈ எச்சமாக இருக்கலாமென்று
விளக்கடியில் பிடித்து நகத்தால் சுரண்டினேன்.
வரவில்லை. மைதான். அழுத்தி வைத்த மை.

எழுதிய ஸ்மேய்கல் அக்டோபரில் இறந்துவிட்டார்.
தொலைபேசியில் அவர் மனைவி:
"கணக்கில் சுத்தம், ஹெட்விகா.
பேசும்போதுதான்
ஒரு வார்த்தைக்கு முன்னால் நின்றுவிடுவார்."
எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.
இரவு பதினொன்று.

புள்ளி இல்லாமல் எழுதினேன்.
ஐம்பத்தாறு பேர் அடுத்த கட்டத்துக்குள் போனபின்
ஓபோ மட்டும் வாசலில் நிற்க முடியுமா?

காலையில் பின்வரிசையில் நான்,
மடியில் சுரண்டுகத்தி.
அறுபத்தொன்று வந்தது.
க்விடோ கலாஷ் அந்தக் காலை விடவில்லை.
ஓர் இம்மி நீட்டினார், இன்னோர் இம்மி.
நடத்துனர் கோலால் மேசையைத் தட்டினார்:
"அங்கே புள்ளி ஏதும் இருக்கிறதா?"
க்விடோ தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.
"இல்லை. நாணலில் எச்சில் அடைத்துக்கொண்டது."
"அறுபத்தொன்றிலிருந்து."
மறுபடியும் அதே எச்சில்.
மூன்றாம் முறை நடத்துனர் ஒன்றும் சொல்லவில்லை.
கோலை இறக்கத்தான் சற்றுத் தாமதித்தார்.
வயலின்கள் வில்லைத் தூக்கியபடி இருந்தன.

இடைவேளையில் ஓபோ தாளை எடுத்தேன்.
ஒரு புள்ளி.
உலரும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.
இதற்கு வரிக்கூலி கிடையாது.

மற்ற ஐம்பத்தாறு தாளில்
அந்தக் கட்டம் நான்கு தட்டாகவே இருக்கிறது.
அவற்றை நான் தொடவில்லை.